கையில் 17 கேஇவி, இழந்தது 511 கேஇவியா? காம்ப்டன் சிதறலில் ஆற்றல் கணக்கு

கேள்வி கேட்டவர் பண்ணைக்காட்டுக்காரர், பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மாலிப்டினத்திலிருந்து வரும் 0.71 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ்ரே ஒரு கிராஃபைட் துண்டில் பட்டு 90 டிகிரியில் சிதறுகிறது. எக்ஸ்ரே எலக்ட்ரான்மீது மோதிச் சிதறினால் அதன் அலைநீளம் கூடும், அதுதான் காம்ப்டன் சிதறல். எவ்வளவு கூடும் என்று காம்ப்டன் சூத்திரத்தில் போட்டால் 0.0243 ஆங்ஸ்ட்ராம் வருகிறது. புத்தகத்தின் விடையும் அதுதான். அடுத்த பகுதி, போட்டான் (ஒளித்துகள்) இழந்த ஆற்றல் எவ்வளவு என்பது. ப்ளாங்க் மாறிலியை ஒளிவேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் என்று படித்திருக்கிறோமே, அதில் இந்த 0.0243-ஐப் போட்டிருக்கிறார். 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வந்து நிற்கிறது (இனி கேஇவி என்றே எழுதுகிறேன்). வந்த போட்டானிடம் மொத்தமே 17.5 கேஇவிதான். இருந்ததைப் போல 29 மடங்கு எப்படி இழக்க முடியும் என்பது அவர் கேள்வி. கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார். கல்லூரியில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனபோது எவர்ஷெட் விளைவு என்றார்களாம், அதுவும் அலைநீள மாற்றம்தான் என்றார்களாம். அப்படியானால் அங்கேயும் ஒளி எலக்ட்ரான்மீது மோதி ஆற்றலை இழக்கிறதா?

இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். அலைநீளத்தில் இவ்வளவு மாற்றம் என்று ஓர் எண் கையில் கிடைத்தால், அதை ஆற்றலாக எப்படிப் படிப்பது? மதுரையில் மருத்துவ இயற்பியலாளராகப் பல வருடம் எக்ஸ்ரே, கோபால்ட் கதிர்சிகிச்சைக் கருவிகளோடு இருந்துவிட்டு இப்போது பெருமாள்மலைப் பக்கம் வந்துவிட்டவன் நான். என் வேலையில் தினமும் தேவைப்பட்ட கணக்கு இது, அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் நேரடி விடை. போட்டான் இழந்தது 577 எலக்ட்ரான் வோல்ட், அதாவது அரை கேஇவிக்குச் சற்று மேல். இருந்ததில் 3.3 சதவீதம். எப்படி என்றால், 12.398 என்ற எண்ணை ஆங்ஸ்ட்ராமில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் கேஇவியில் கிடைத்துவிடும். ப்ளாங்க் மாறிலி, ஒளிவேகம், அலகு மாற்றம் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 12.398-ஐ 0.71-ஆல் வகுத்தால் 17.462. சிதறிய பிறகு அலைநீளம் 0.71 + 0.02426 = 0.73426. 12.398-ஐ இதனால் வகுத்தால் 16.885. இரண்டையும் கழித்தால் 0.577 கேஇவி. அவ்வளவுதான் கணக்கு.

நீங்கள் எங்கே தடம் மாறினீர்கள் என்றால், 0.0243 ஆங்ஸ்ட்ராம் என்பது இந்தச் சோதனையில் எந்தப் போட்டானின் அலைநீளமும் இல்லை. அது இரண்டு அலைநீளங்களுக்கு இடையிலான வித்தியாசம். ஆற்றல் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் போகிறது. வித்தியாசத்தைத் தலைகீழாக்குவதும், தலைகீழாக்கியபின் வித்தியாசம் எடுப்பதும் வேறு வேறு. 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் 1, அதைத் தலைகீழாக்கினாலும் 1. ஆனால் இரண்டில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் வித்தியாசம் ஆறில் ஒன்று. ஆகவே இரண்டு ஆற்றல்களையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிட்டு, கடைசியில்தான் கழிக்க வேண்டும். ஒரே அடியில் போட வேண்டுமானால், 12.398-ஐ அலைநீள மாற்றத்தால் பெருக்கி, பழைய அலைநீளம், புது அலைநீளம் இரண்டின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். அதில் போட்டாலும் 0.577 வரும்.

ஆனால் உங்களுக்கு வந்த 511 குருட்டாம்போக்கில் வந்த எண் இல்லை. காம்ப்டன் சூத்திரத்தில் அலைநீள மாற்றம் என்பது ஒரு மாறிலி பெருக்கல் (1 − கோணத்தின் கொசைன்). 90 டிகிரிக்குக் கொசைன் பூஜ்யம், ஆகவே மாற்றம் அந்த மாறிலியேதான்: ப்ளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் நிறையாலும் ஒளிவேகத்தாலும் வகுத்தது. எலக்ட்ரானின் காம்ப்டன் அலைநீளம் என்று அதற்குப் பெயர், 0.02426 ஆங்ஸ்ட்ராம். அதைத் திரும்ப ஆற்றல் சூத்திரத்தில் போட்டால் ப்ளாங்க் மாறிலி அடிபட்டுப் போய், எலக்ட்ரானின் நிறை பெருக்கல் ஒளிவேகத்தின் வர்க்கம் மட்டும் மிஞ்சும். அது எலக்ட்ரானின் ஓய்வுநிலை ஆற்றல், 511 கேஇவி. போட்டானின் இழப்பைத் தேடப் போய் எலக்ட்ரானின் நிறையை எடுத்து வந்திருக்கிறீர்கள். 0.71-க்குப் பதில் எந்த எக்ஸ்ரேயை எடுத்திருந்தாலும் 90 டிகிரியில் உங்கள் முறைப்படி இதே 511 வந்திருக்கும். வந்த எக்ஸ்ரே எதுவானாலும் ஒரே விடை தரும் முறையை அந்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும்.

என்னைக் கேட்டால், அலைநீளத்தை விட்டுவிட்டு ஆற்றலிலேயே முழுக் கணக்கையும் போடுவது நல்லது. பாடப்புத்தகம் அலைநீளத்தில் எழுதக் காரணம், காம்ப்டன் அளந்தது அதைத்தான். கால்சைட் படிகத்தில் பிராக் முறைப்படி பிரதிபலிக்க வைத்து அளந்தார், அங்கே கோணம் தருவது அலைநீளத்தை. இன்றைக்கு மருத்துவமனையிலும் ஆய்வுக்கூடத்திலும் கருவிகள் தருவது ஆற்றலை. வருவித்தலும் ஆற்றலில் எழுதினால் நாலே வரிதான். வந்த போட்டானின் ஆற்றலை ‘வந்தது’ என்றும், சிதறிய போட்டானின் ஆற்றலை ‘போனது’ என்றும் வைப்போம். போட்டானின் உந்தம் அதன் ஆற்றலை ஒளிவேகத்தால் வகுத்தது. உந்தம் மாறாது என்பதிலிருந்து எலக்ட்ரான் பெற்ற உந்தத்தின் வர்க்கம் (ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி எழுதினால்): வந்ததின் வர்க்கம் + போனதின் வர்க்கம் − 2 × வந்தது × போனது × கொசைன். ஆற்றல் மாறாது என்பதிலிருந்து எலக்ட்ரானின் மொத்த ஆற்றல்: வந்தது − போனது + 511. மொத்த ஆற்றலின் வர்க்கத்திலிருந்து 511-இன் வர்க்கத்தைக் கழித்தால் முன்னே சொன்ன உந்த வர்க்கம் வர வேண்டும், அது சார்பியல் விதி. விரித்து எழுதினால் வர்க்கங்கள் எல்லாம் இரு பக்கமும் அடிபட்டுப் போய் மிஞ்சுவது: 511 × (வந்தது − போனது) = வந்தது × போனது × (1 − கொசைன்). இரு பக்கத்தையும் 511, வந்தது, போனது மூன்றாலும் வகுத்தால்,

1 ÷ போனது − 1 ÷ வந்தது = (1 − கொசைன்) ÷ 511

என்று கிடைக்கும். கணக்குப் போட வசதியாகத் திருப்பி எழுதினால்,

போனது = வந்தது ÷ [1 + (வந்தது ÷ 511) × (1 − கொசைன்)]

உங்கள் கணக்கில் 17.462-ஐ 511-ஆல் வகுத்தால் 0.03417. 17.462-ஐ 1.03417-ஆல் வகுத்தால் 16.885. அலைநீளம் பக்கமே போகவில்லை, விடை அதேதான்.

இந்த வழியை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. அலைநீள வழியில் வருகிறவர்கள் நடுவில் தசமத்தைச் சுருக்கிவிடுவார்கள். புது அலைநீளம் 0.73426 என்பதை 0.73 என்று எழுதினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 12.398-ஐ 0.73-ஆல் வகுத்தால் 16.984, இழப்பு 478 எலக்ட்ரான் வோல்ட். நூறு எலக்ட்ரான் வோல்ட் காணாமல் போய்விட்டது, விடையில் 17 சதவீதப் பிழை. ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னால் இருக்கும் இலக்கங்கள் எல்லாம் அழிந்து, வால் மட்டும் மிஞ்சும். வாலில் சுருக்கியிருந்தால் அந்த வாலும் நம்ப முடியாது. ஆகவே கழிக்கும்வரை ஐந்து இலக்கமாவது வைத்திருங்கள். அப்புறம் கால்குலேட்டர் விஷயம். 90 டிகிரிக்கு அலைநீள மாற்றம் 0.0351 என்று யாருக்காவது வந்தால் சூத்திரத்தில் தேட வேண்டாம், கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. 90 ரேடியனின் கொசைன் மைனஸ் 0.448, அதுதான் புகுந்து விளையாடியிருக்கும்.

இனி எவர்ஷெட். ஜான் எவர்ஷெட் 1909-இல் கொடைக்கானலில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தபோது, புள்ளியைச் சுற்றியுள்ள மங்கலான விளிம்பில் கோடுகள் இடம் மாறியிருப்பதைக் கண்டார். அது டாப்ளர் மாற்றம். அங்கே வாயு வெளிப்புறமாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடும் வாயுவின் கோடு நம் பார்வைக்கு இடம் மாறித் தெரிகிறது. ஒளி எலக்ட்ரான்மீது மோதி எதையும் இழந்த கதை இல்லை. இதில் உங்களைக் குழப்பக்கூடிய விஷயம், இரண்டு மாற்றங்களும் அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான். நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வாயு, 6300 ஆங்ஸ்ட்ராம் சிவப்புக் கோட்டை 0.042 ஆங்ஸ்ட்ராம் நகர்த்தும். காம்ப்டன் 90 டிகிரியில் 0.0243, நேர் பின்னால் திரும்பினால் 0.0485. எண்ணை மட்டும் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

வேறுபாடு எண்ணில் இல்லை, விதியில். டாப்ளர் மாற்றம் அலைநீளத்துக்கு விகிதமாக வரும், அலைநீளம் இரட்டித்தால் மாற்றமும் இரட்டிக்கும். காம்ப்டன் மாற்றமோ வந்த அலைநீளம் எதுவானாலும் அதே கோணத்தில் அதே அளவு. பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு கொண்டுபோனவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். கமிஷன் விற்ற விலையில் நூற்றுக்கு இவ்வளவு, இறக்குகூலி மூட்டைக்கு இவ்வளவு. டாப்ளர் கமிஷன், காம்ப்டன் இறக்குகூலி. மூட்டை மலிவாக விற்கிற அன்றைக்குத்தான் இறக்குகூலி கடிக்கும், அதுபோல அலைநீளம் சிறியதாக இருக்கும்போதுதான் இந்த நிலையான கூடுதல் பெரிதாகத் தெரியும். அதே 0.0243 ஆங்ஸ்ட்ராமை 6300 ஆங்ஸ்ட்ராம் சிவப்பொளியில் கூட்டினால் போட்டான் இழப்பது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் பத்து லட்சத்தில் எட்டுப் பங்குக்கும் குறைவு. 0.71 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ்ரேயில் கூட்டினால் 577 எலக்ட்ரான் வோல்ட். மாற்றம் ஒன்றே, இழப்பில் ஏழரைக் கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே அலைநீள மாற்றத்தை மட்டும் சொல்லி ஆற்றல் என்ன என்று கேட்டால் விடை கிடையாது. எந்த அலைநீளத்தின்மேல் அந்த மாற்றம் என்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பொதுவான விடை இதுதான்.

சூரியனிலேயே கட்டற்ற எலக்ட்ரான்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்கிற இடமும் உண்டு, முழுக் கிரகணத்தில் தெரியும் கரோனா. அங்கே காம்ப்டன் மாற்றத்தைப் பார்க்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. அங்கே வெப்பம் பத்து லட்சம் டிகிரிக் கணக்கில் இருக்கிறது, எலக்ட்ரான்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பறக்கின்றன. அந்த வேகங்களின் டாப்ளர் கலக்கத்தில் நிறமாலைக் கோடுகள் பல பத்து ஆங்ஸ்ட்ராம் அகலத்துக்குக் கரைந்து, கோடு இருந்த அடையாளமே போய்விடுகிறது. 0.02 ஆங்ஸ்ட்ராமை அதற்குள் எங்கே போய்த் தேடுவது?

ராமன் விளைவும் இதன் உறவா என்று சிலர் கேட்பதுண்டு. 1928-இல் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டதைத் தொடக்கத்தில் காம்ப்டன் விளைவின் ஒளி வடிவம் என்றுதான் ராமனே எண்ணினார். ஆனால் எண்ணைப் பாருங்கள். பென்சீனில் 4358 ஆங்ஸ்ட்ராம் பாதரச நீலக்கோடு சிதறும்போது வலுவான ராமன் கோட்டில் போட்டான் இழப்பது 0.123 எலக்ட்ரான் வோல்ட். அதே ஒளி கட்டற்ற எலக்ட்ரானில் 90 டிகிரி சிதறியிருந்தால் இழப்பு அதில் சுமார் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. ராமன் விளைவில் ஆற்றலை வாங்கிக்கொள்வது மூலக்கூறின் அதிர்வு, எலக்ட்ரானின் பின்னோட்டம் அல்ல.

ஆற்றல் கூடக் கூட இழப்பு எப்படி வளர்கிறது என்பதில்தான் எனக்குச் சுவாரஸ்யம் அதிகம், என் தொழிலே அதில் இருந்ததால். 90 டிகிரி சிதறலையே எடுத்துக்கொள்வோம். 17.5 கேஇவி போட்டான் 3 சதவீதம் இழக்கிறது. மருத்துவமனை எக்ஸ்ரேயில் 60 கேஇவி போட்டான் 53.7 ஆகிறது, இழப்பு பத்து சதவீதம் சொச்சம். சீசியம்-137 தரும் 662 கேஇவி காமா கதிர் 288 ஆகிவிடுகிறது, பாதிக்கு மேல் போய்விட்டது. கோபால்ட்-60 காமாவுக்குச் சராசரி 1250 கேஇவி, அது 363 ஆகிறது. 10,000 கேஇவி போட்டான் வந்தாலும் 90 டிகிரியில் வெளியே போவது 486. எவ்வளவு பெரிய போட்டானை அனுப்பினாலும் 90 டிகிரியில் 511-ஐத் தாண்டி வராது, நேர் பின்னால் திரும்பினால் அதில் பாதியான 255.5-ஐத் தாண்டாது. மேலே எழுதிய தலைகீழ்ச் சமன்பாட்டில் ‘1 ÷ வந்தது’ என்பதைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள், உடனே தெரியும். நீங்கள் தப்பாக எடுத்த அதே 511 இங்கே முறையான வழியில் உச்சவரம்பாக வருகிறது.

இந்த உச்சவரம்பைக் காகிதத்தோடு விட்டுவிடுவதில்லை. புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் அறையில் நேர்க்கற்றை விழக்கூடிய சுவருக்கு ஒரு கனம், பக்கச் சுவர்களுக்கு வேறு கனம். பக்கச் சுவருக்குப் போவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் சிதறியதும் கருவியிலிருந்து கசிந்ததும். கருவி எவ்வளவு பெரியதானாலும் 90 டிகிரியில் சிதறியது அரை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது என்பதால், அந்தப் பங்குக்கான கான்கிரீட்டை அதை வைத்துத்தான் கணக்கிடுவோம். எம்.எஸ்சி.யில் சோடியம் அயோடைடு உணர்கருவி வைத்துக் காமா நிறமாலை எடுப்பீர்கள். சீசியம் நிறமாலையில் 478 கேஇவியில் ஒரு சரிவு இருக்கும், 184 பக்கம் ஒரு சிறு மேடு இருக்கும். போட்டான் உணர்கருவிக்குள்ளேயே நேர் பின்னால் திரும்பி வெளியேறினால் எலக்ட்ரான் எடுத்துக்கொண்டது 478. சுற்றுப்புறத்தில் பட்டுத் திரும்பி வந்த போட்டான் 184. கூட்டினால் 662. கோபால்ட்டுக்கு அந்த மேடு 212 பக்கம் வரும். மூலம் எதுவானாலும் மேடு 200-ஐ ஒட்டியே ஏன் நிற்கிறது என்று விவாவில் கேட்பார்கள், அந்த 255.5 உச்சவரம்பைச் சொல்லுங்கள்.

சாதாரண எக்ஸ்ரே அறையில் கதை நேரெதிர். அங்கே இழப்பு மிகக் குறைவு, அதுதான் தலைவலி. 60 கேஇவி போட்டான் 30 டிகிரி திரும்பினால் இழப்பது 1 கேஇவிகூட இல்லை, 59.07 கேஇவியோடு ஃபிலிமில் வந்து விழும். ஆற்றலை வைத்து அதைப் பிரித்து ஒதுக்க ஃபிலிமுக்கோ டிஜிட்டல் தட்டுக்கோ வழியில்லை. அதனால்தான் நோயாளிக்கும் தட்டுக்கும் நடுவில் கிரிட் வைக்கிறோம். மெல்லிய ஈயப் பட்டைகள் நேராக வருவதை விட்டு, சாய்ந்து வருவதை மறிக்கும், திசையை வைத்து வடிகட்டும் வேலை. சிதறிய கதிர் பலவீனமானதுதானே சார், ஏப்ரன் (கதிரைத் தடுக்கும் ஈய மேலாடை) எதற்கு என்று கேட்கிற எக்ஸ்ரே டெக்னீஷியன்களிடமும் இந்த எண்ணைத்தான் சொல்வேன். நோயாளியிலிருந்து 90 டிகிரியில் உங்களை நோக்கி வரும் ஒவ்வொரு போட்டானும் வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு பலத்தோடு வருகிறது, ஒரு பங்குதான் போயிருக்கிறது. எண்ணிக்கையில் மட்டும்தான் அது குறைவு. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் நோயாளிமேல் விழுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் தோராயம். ஒரு நாளைக்குப் பல பேருக்குப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த ஆயிரத்தில் ஒன்று சேர்ந்துகொண்டே போகும். மலையில் சிறிய மருத்துவமனைகளில் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று டெக்னீஷியனே ஏப்ரன் இல்லாமல் உள்ளே நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதில் உறுதியானது எது, தோராயம் எது என்பதையும் பிரித்துவிடுகிறேன். ஆற்றலும் உந்தமும் மாறாது, போட்டானுக்கு உந்தம் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆர்தர் காம்ப்டன் செயின்ட் லூயிஸில் செய்த சோதனையை 1923-இல் வெளியிட்டார், அதே வருடம் பீட்டர் டிபை தனியாக இதே விளக்கத்துக்கு வந்தார், 1927-இல் காம்ப்டனுக்கு நோபல். ஆனால் சூத்திரத்துக்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன: எலக்ட்ரான் அசையாமல் நிற்கிறது, எதிலும் கட்டுண்டு இல்லை. கிராஃபைட்டில் இரண்டுமே முழு உண்மை அல்ல. கார்பனின் உள்வட்ட எலக்ட்ரானைப் பிய்க்க 284 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 90 டிகிரியில் நம் எலக்ட்ரானுக்குக் கிடைப்பது 577, ஆகவே அது விடுபட்டுப் போகலாம். சுமார் 60 டிகிரிக்குக் கீழே கிடைப்பது 284-க்கும் குறைந்துவிடும், உள்வட்ட எலக்ட்ரான் அணுவைவிட்டு நகராது. அப்போது போட்டான் மோதுவது முழு அணுவோடு. கார்பன் அணு எலக்ட்ரானைப் போல 22,000 மடங்கு கனம், மாற்றமும் அத்தனை மடங்கு குறைந்து ஒன்றுமில்லாமல் போகும். காம்ப்டனின் வரைபடத்தில் இடம் மாறிய முகட்டோடு மாறாத முகடு ஒன்றும் நிற்பது இதனால்தான். 284, 577 என்று இரண்டு எண்களை ஒப்பிட்டுச் சொல்வது ஒரு கைக்கணக்குதான், அந்தக் கோணத்தில் கதவு சாத்தியது போல எல்லாம் நின்றுவிடாது.

அசையாத எலக்ட்ரான் என்ற அனுமானத்தாலும் விலகல் உண்டு. கார்பனின் வெளிவட்ட எலக்ட்ரான்களே ஒளிவேகத்தில் நூற்றில் அரைப்பங்கு வேகத்தில் ஓடுபவை. அதனால் சிதறிய முகடு 16.885-இல் ஊசிபோல நிற்காது, நூறு நூற்றைம்பது எலக்ட்ரான் வோல்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவியிருக்கும். நம் 577 என்பது அந்த முகட்டின் நடு. ஒவ்வொரு போட்டானும் இழப்பது அதே அளவு இல்லை. பரிட்சையில் 577 என்று எழுதலாம், கருவியில் அளக்கும்போது நடுப்புள்ளியோடு அகலத்தையும் சொல்ல வேண்டும். இந்த அகலம் வெறும் தொல்லையும் இல்லை. 1929-இல் ஜெஸ்ஸி டுமாண்ட் பெரிலியத்தில் இந்த அகலத்தை வைத்தே உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி ஓடுகின்றன என்று படித்தார், இன்றும் அது ஓர் ஆய்வு முறை. இன்னொரு எல்லை: இந்தச் சூத்திரம் ஒரு கோணத்தில் போன போட்டானின் ஆற்றலைச் சொல்லும், அந்தக் கோணத்தில் எத்தனை போட்டான் போகும் என்று சொல்லாது. அதற்கு 1929-இல் கிளைனும் நிஷினாவும் தந்த சூத்திரம் வேண்டும், அது தனிப் பாடம்.

கடைசியாக, உங்கள் விடையை நீங்களே சரிபார்க்க ஒரு வழி. ஆற்றல் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பயனில்லை, உந்தத்தில் போய்ப் பாருங்கள். வந்த போட்டான் முன்னோக்கி 17.462 அலகு உந்தம் கொண்டுவந்தது. போன போட்டான் பக்கவாட்டில் 16.885 கொண்டுபோனது. ஆகவே எலக்ட்ரானுக்கு முன்னோக்கி 17.462-ம், எதிர்ப்பக்கவாட்டில் 16.885-ம் கிடைத்திருக்க வேண்டும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 590.0. எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் 5 சதவீதத்துக்குள் இருப்பதால் பழைய இயக்கவியலே போதும், உந்தத்தின் வர்க்கத்தை இருமடங்கு நிறையால், அதாவது 1022-ஆல், வகுத்தால் இயக்க ஆற்றல்: 0.577 கேஇவி. போட்டான் இழந்ததும் அதேதான். திசையும் வேண்டுமென்றால் 16.885-ஐ 17.462-ஆல் வகுத்து டேன்ஜென்ட் தலைகீழ் எடுங்கள், 44 டிகிரி. புத்தகத்தில் அடுத்த உட்பிரிவாக எலக்ட்ரானின் கோணம் கேட்டிருந்தால் அதற்கும் இதுவே விடை.